உப்பு நீர் பகையன்று

கேரளத்து வேம்பநாட்டுக் காயலில் மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கடலைத் தள்ளும். கோடையில் உவர்நீர் உள்ளே ஏறும். காயலின் வளமெல்லாம் இந்த மாறுதலால் விளைந்ததே. 1976இல் இயங்கத் தொடங்கிய தண்ணீர்முக்கம் தடுப்பணை அதனை மறித்து நிற்கிறது. கடல் மட்டத்திற்குத் தாழ்ந்த குட்டநாட்டு வயல்களை உப்பினின்று காப்பது அதன் நோக்கம். நெல்லை நாம் பழிக்கவில்லை; நாமும் சோறு உண்பவர்கள்தாமே! ஆனால் நெல்லைக் காப்பதாகச் சொல்லிக் காயலின் மூச்சை அடைப்பது எவ்வகை நியாயம்?

ஆற்றில் வளரும் பெரிய இறால், முட்டை சுமந்து உவர்நீர் நாடி இறங்கினால்தான் அதன் குஞ்சுகள் பிழைக்கும். மூடிய கதவுகள் அதன் வழியை அடைக்கின்றன. உப்பேறினால் மடியும் ஆகாயத்தாமரை, அணைக்குத் தெற்கே செழித்துப் படர்ந்து படகுகளைத் தடுக்கிறது. வயலில் இட்ட உரமும் நஞ்சும் கடலுக்குச் செல்லாமல் தேங்குகின்றன. வயலுக்குக் காவல், வலைக்கு வறுமை என்று வகுத்தவர் யார்?

'கெட்டது கெட்டதுதான்' என்று கைவிரிப்போர்க்கு ஒடிசாவின் சிலிகா ஏரியே விடை. அங்கே 2000ஆம் ஆண்டு கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டினர். உப்பு திரும்பிற்று, மீனும் திரும்பிற்று.

அணையை இடிக்குமாறு நாம் கேட்கவில்லை. குட்டநாடெங்கும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தால், கதவுகளை மூடும் நாட்கள் குறையும். குறித்த நாளில் கதவுகள் திறக்கட்டும். உப்புக்குரிய பருவத்தை உப்புக்கே விடுங்கள்!