காலி இருக்கைகளின் உரிமையாளர்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் காருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு படைப்பை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அதன்மீது எதுவரை உரிமை உண்டு என்பது பழைய வழக்கு. அவ்வழக்கு இன்று மிக மும்முரமாக நடப்பது அபூர்வக் கார்களின் ஏல மன்றங்களில்தான். அதில் நாங்கள் ஒரு தரப்பின் பக்கம் நிற்கிறோம். நடுநிலை பாவனை எங்களுக்கு வேண்டாம்.

மக்லாரன் எஃப்1 என்ற வாகனத்தை எடுத்துக்கொள்வோம். 1992 மே மாதம் மொனாக்கோவில் அறிமுகமானது. 1998 வரை பந்தய வண்டிகளையும் முன்மாதிரிகளையும் சேர்த்து 106 மட்டுமே கட்டப்பட்டன. வழக்கமான சாலை வடிவில் வந்தவை 64. உருவாக்கியவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கார்டன் மர்ரி.

இவ்வண்டியில் ஓட்டுநர் நடுவில் அமர்கிறார். அவருக்கு இருபுறமும், சற்றே பின்தள்ளி, இரண்டு இருக்கைகள். சாதாரண இரட்டை இருக்கை வண்டியில் முன்சக்கரம் சுழல்வதற்கான இடம் ஓட்டுநரின் கால்பக்கம் புடைத்து நிற்பதால், பெடல்கள் ஒருபுறமாக ஒதுங்கிவிடும். உடம்பு ஒரு திசையிலும் கால்கள் வேறு திசையிலுமாக நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருக்கும். நடுவில் அமர்ந்தால் இக்கோணல் மறைகிறது. சாலை இருபுறமும் சமமாகத் தெரிகிறது. வலப்புறம் கியர், இடப்புறம் கைபிரேக். இருவருக்கான இடத்தில் மூன்றாமவருக்கும் இடம் பிறக்கிறது. ஏறி அமர்வது சற்றுச் சிரமம்தான். பக்கத்து இருக்கையைத் தாண்டித்தான் நடுவுக்குப் போக வேண்டும். யோசனையும் முற்றிலும் புதிதன்று: 1966இலேயே பினின்ஃபரினா ஃபெராரியின் பெயரில் இப்படியொரு மூவிருக்கை வண்டியைச் செய்திருக்கிறது. ஃபியட் அதிபர் ஜியானி ஆன்யெல்லியிடம் அவ்வகையில் ஒன்று இருந்தது. மர்ரி அந்த யோசனையை அதன் கடைசி எல்லைவரை கொண்டுசென்றார்.

எங்கள் வாதத்துக்கு ஆதாரமான செய்தி இனிமேல்தான் வருகிறது. எஃப்1 வாங்கியவருக்கு ஓட்டுநர் இருக்கையும் பெடல்களும் ஸ்டீயரிங்கும் அவரது உடம்பின் அளவுக்கேற்பப் பொருத்தித் தரப்பட்டன. தையற்காரர் அளவெடுத்துத் தைப்பதைப் போன்ற காரியம் இது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏபிஎஸ் பிரேக் கிடையாது. எடை 1,138 கிலோதான். சாலையின் ஒவ்வொரு அதிர்வும் ஓட்டுபவரின் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே நோக்கம். இதைவிடத் தெளிவாக ஒரு படைப்பாளி தன் வாசகனை அழைக்க முடியாது.

அழைப்புக்குக் கிடைத்த பதிலைப் பாருங்கள். 1995இல் கட்டப்பட்ட ஓர் எஃப்1 கார், 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடியே 4 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அதுவரை அது ஓடியிருந்த தூரம் ஏறத்தாழ 390 கிலோமீட்டர். ஆண்டுக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கு வருகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த இருபத்தாறு ஆண்டு வாழ்க்கை தீர்ந்துவிடும். ஒருவரின் முதுகுக்கென்று இழைக்கப்பட்ட இருக்கையில் யாரும் அமரவில்லை என்பதற்காகவே கோடிகள் கூடுகின்றன. பக்கங்கள் வெட்டப்படாத முதற்பதிப்புக்கு அதிக விலை கொடுக்கும் அதே மனநோய்தான் இது. வாசிக்கப்படாதது என்பதே அங்கே புத்தகத்தின் பெருமை!

எதிர்த்தரப்பு மூன்று வாதங்களை வைக்கும். ஓட்டினால் தேயும், ஆகவே பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்பது முதலாவது. இதற்கு நடிகர் ரோவன் அட்கின்சனின் வண்டியே பதில். 1997இல் வாங்கி, 41,000 மைல் ஓட்டினார். 1999இலும் 2011இலும் மோதினார். இரண்டாவது விபத்துக்குப் பழுதுபார்க்கும் செலவு மட்டும் சுமார் 9 லட்சம் பவுண்டு. 2015இல் அதே வண்டியை 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். வரி நீங்கலாக அக்காரின் தொடக்க விலை 5,40,000 பவுண்டு. ஓடாத வண்டிக்கு மேலும் அதிகம் கிடைக்கும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஓடிய வண்டி பாழாகிவிடும் என்பதைத்தான் மறுக்கிறோம்.

என் பணம், என் பொருள், என் இஷ்டம் என்பது இரண்டாவது. சட்டம் அவர்கள் பக்கம் நிற்கட்டும். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒரு செயல் ரசனையாகிவிடாது. தூசி தட்டி வைத்திருப்பவரைக் காவலர் என்று அழைப்போம். ரசிகர் என்ற சொல்லை அவருக்குத் தர எங்களுக்கு மனமில்லை.

அருங்காட்சியகமும் இதைத்தானே செய்கிறது என்பது மூன்றாவது. அருங்காட்சியகம் கதவைத் திறந்து வைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த நடு இருக்கையைப் பார்த்து வியக்கலாம். தட்பவெப்பம் சீராக்கப்பட்ட தனியார் கிடங்கில் அந்த வியப்புக்கும் வழியில்லை. ஓட்டுதலும் இல்லை, பார்த்தலும் இல்லை. விலை மட்டும் வளர்கிறது.

இந்நோய் அடுத்த தலைமுறை வண்டிகளையும் தொற்றும் என்றே அஞ்சுகிறோம். 2018இல் மக்லாரன் அறிவித்த ஸ்பீட்டெயிலிலும் நடு இருக்கை. எண்ணிக்கையும் அதே 106. 2020இல் மர்ரி தம் சொந்த நிறுவனத்தின் வழியாக வெளிக்கொணர்ந்த டி.50இலும் நடு இருக்கை. சாலை வண்டிகள் 100. இவற்றில் எத்தனை இருக்கைகள் மனித உடம்பின் சூட்டை அறியப்போகின்றன?

நம்மில் எவருக்கும் இவ்வண்டிகளில் ஒன்று வாய்க்கப்போவதில்லை. ஆனால் வாங்கிப் பிரிக்காத புத்தகங்கள் நம் அலமாரிகளிலும் இருக்கின்றன. அட்டை நலுங்குமென்று நண்பருக்கு இரவல் தர மறுத்திருக்கிறோம். ஆகவே இந்தக் கண்டனம் எங்களையும் சேர்த்தே. மர்ரி மூன்று பேருக்கு இடம் வைத்தார். ஓட்டுபவர் நடுவில், நண்பர்கள் இருபுறம். தன்னுடையதைப் பிறரோடு அனுபவிப்பதே உடைமை என்று அந்த இருக்கைகள் சொல்கின்றன. அதை ஏற்காதவர் அந்த வண்டியின் சாவியை மட்டுமே வைத்திருக்கிறார்.