சிவப்பு மறைந்தால் போதுமா?

மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் மருந்துக் கடையில் எடுத்து நீட்டப்படும் சொட்டு மருந்து பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஓர் ஆன்டிபயாடிக்கும் கலந்திருக்கும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸின் கைவரிசை; ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையில்லை. ஸ்டீராய்டோ ஓரிரு நாளில் சிவப்பை அடக்கிவிடும், அதுதான் வம்பு. நெல் அறுக்கையில் தாள் கீறிய கண்ணில் பூஞ்சைப் புண் இருந்தால், அது உள்ளுக்குள் கொழுத்து வளரும். இந்தச் சொட்டை வாரக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் வலியே தெரியாமல் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். கண்புரையும் வரலாம்; அதற்காவது அறுவை சிகிச்சை உண்டு, நரம்பில் போனது போனதுதான். கண்புரை அறுவைக்குப் பின் மருத்துவர் எழுதும்போது இதே சொட்டு நல்ல மருந்து. அவர் சொன்ன கணக்கில் குறைத்து நிறுத்த வேண்டும். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் தாராளத்தை மட்டும் என்னால் மெச்ச முடியவில்லை.