கல்லென்று விழுங்கும் ஈயம்

வேலை முடிந்ததும் தூண்டிலோடு ஆக்கர்செல்வா ஆற்றங்கரைக்குப் போகும் எம்மவர் பலர். தங்கூசி கல்லில் சிக்கினால் அறுத்துவிட்டு வேறு கட்டுகிறோம். அறுந்துபோன ஈயக்குண்டை நாம் நினைப்பதில்லை.

தாராவுக்கும் அன்னத்துக்கும் பல் இல்லை. இரையை அரைப்பதற்குச் சிறு கற்களை விழுங்குகின்றன. கல்லென்று ஈயக்குண்டையும் விழுங்கினால், அது வயிற்றில் தேய்ந்து இரத்தத்தில் கலக்கும். நரம்பு தளர்ந்து, கழுத்துத் துவண்டு, தீன் இருந்தும் தின்ன இயலாமல் பறவை மெலிந்து சாகும். இங்கிலாந்தில் அன்னங்கள் இப்படிச் செத்ததால், 1987 இல் சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தார்கள். பின்னர் அன்னங்கள் பெருகின. நோர்வேயிலும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னங்களுக்கு 1991 இல் தடை வந்தது.

எமக்கும் இதில் கேடுண்டு. குண்டைப் பல்லால் கடித்து இறுக்குகிறோம். பிள்ளைகளும் பார்த்துப் பழகுகிறார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

கடையில் 'பிளீஃபிரி' என்று கேளுங்கள். ஈயமில்லாதது என்று பொருள். அறுந்த தங்கூசியையும் குண்டையும் எட்டினமட்டும் பொறுக்கி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய்த் தாராவுக்குப் பாண் போடுகிறோம். அதே கையால் ஈயத்தையும் போடலாமா?