இரண்டாவது பூட்டு எதற்கு?

பரிசோதனை முடிவைக் கைப்பேசியில் பார்க்கக் கடவுச்சொல்லைக் கொடுத்த பின்னும், ஓடிபி எண்ணையும் கேட்கிறதே என்று பலர் எங்களிடம் குறைபட்டுக்கொள்கின்றனர். நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு இது வீண் தொல்லையாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும், அந்த இரண்டாவது பூட்டு தேவை என்பதே எங்கள் கருத்து.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனம் சேஞ்ச் ஹெல்த்கேர். 2024 பிப்ரவரி 12 அன்று, களவாடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு சிலர் அதன் கணினிகளுக்குள் நுழைந்தனர். அவர்கள் நுழைந்த வாயிலில் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. ஒன்பது நாட்களுக்குப் பின் கணினிகள் முடங்கின. மருந்துக் கடைகளில் காப்பீட்டைச் சரிபார்க்க இயலாமல், நோயாளிகள் பலர் முழு விலையையும் தாமே கொடுக்க நேர்ந்தது. 2 கோடியே 20 லட்சம் டாலர் கப்பமாகக் கொடுத்தும், ஏறத்தாழ 19 கோடிப் பேரின் தகவல்கள் பறிபோயின.

திருடப்பட்ட கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்பது வெளியே போய்விட்டால் அதனை மீட்க வழியில்லை.

ஆதலால் இக்கடமை முதலில் எங்களைச் சேர்ந்தது. வேலை மிகுதியைக் காரணம் காட்டி, ஒருவருடைய கணக்கில் மற்றொருவர் நுழைவது மருத்துவர்களாகிய எங்களுக்கும் தகாது. அதே வேளையில், ஓடிபி வரவில்லை என்பதற்காக அவசரச் சிகிச்சை ஒரு நிமிடமும் தாமதமாகக் கூடாது. பூட்டு பதிவேட்டுக்குத்தான், சிகிச்சைக்கு அன்று.

உங்களிடம் நாங்கள் வேண்டுவன சிலவே. வெளியூரில் இருக்கும் மகனின் எண்ணைப் பதிவில் கொடுத்தால், ஓடிபியும் அவருக்கே செல்லும். நோயாளியின் எண்ணையோ, உடனிருந்து கவனிப்பவரின் எண்ணையோ கொடுங்கள். எண் மாறினால் பதிவுப் பிரிவில் தெரிவியுங்கள். பல கணக்குகளுக்கு ஒரே கடவுச்சொல்லை வைக்காதீர்கள்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. மருத்துவமனையிலிருந்து பேசுவதாகவோ, காப்பீட்டுப் பணம் வந்திருப்பதாகவோ கூறித் தொலைபேசியில் எவர் ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள். மருத்துவர் என்று கூறினாலும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் இழந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

எத்தனை பூட்டுகள் இருப்பினும், சாவியை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டால் அவற்றால் பயனில்லை. உங்கள் நோயைப் பற்றி எங்களை நம்பிக் கூறுகிறீர்கள். அந்த நம்பிக்கையைக் காக்கச் செலவாகும் அரை நிமிடத்தை எங்களோடு நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.