துறை மாறினால் படித்தது வீணா?

இரண்டாம் ஆண்டில் துறை மாறினால் இதுவரை படித்ததெல்லாம் வீண்தானே என்று பல்கலைக்கழக மாணவி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். அமெரிக்கக் கடற்படையின் ஏமி பாவர்ன்ஷ்மிட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

1994இல் கடற்படைக் கல்விக்கழகத்தில் பட்டம் பெற்று ஹெலிகாப்டர் விமானியானவர் அவர். 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஒரு ஹெலிகாப்டர் படைப்பிரிவுக்கே தலைமை தாங்கியவர். நம்மில் பலருக்கு அதுவே போதும். அவரோ நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் வகுப்பறைக்குப் போய் அணு உலையைப் பற்றிப் படித்தார். அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் அணுசக்தியில் ஓடுகின்றன. கேப்டனுக்கு உலையும் தெரிந்திருக்க வேண்டும்.

பறந்த ஆண்டுகளும் வீணாகவில்லை. பறக்கும் பிரிவில் தேர்ந்தவரே அத்தகைய கப்பலுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆடும் தளத்தில் விமானத்தை இறக்குபவரின் சிரமம் கேப்டனுக்குத் தெரிய வேண்டுமல்லவா? துணைத் தலைவராகவும், வேறொரு கப்பலின் கேப்டனாகவும் பணியாற்றிய பிறகு, 2021 ஆகஸ்டில், ஏறக்குறைய 5,000 பேர் பணிபுரியும் ஆபிரகாம் லிங்கன் கப்பலுக்கு அவர் பொறுப்பேற்றார். அமெரிக்க அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் முதல் பெண் கேப்டன் அவர்தான்.

துறை மாறத் தயங்கும் பலர் அஞ்சுவது நட்டத்துக்கு அல்ல. ஒன்றும் தெரியாதவராக மறுபடியும் முதல் நாள் வகுப்பில் உட்காருவதற்கே என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவியிடம் அதையும் சொன்னேன். சிரித்தார், மறுக்கவில்லை.