பானையும் குமிழும்

மின்னணுக் கருவிகளில் எழும் நடன இசையில் ஒரே சிறு சுரவரிசை திரும்பத் திரும்ப வரும். "எல்லாம் இயந்திரம் செய்கிறது, மனிதனுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்பார்கள். வேலை உண்டு என்பதே என் கருத்து.

மதுரைக்கு அருகிலுள்ள மானாமதுரையில் கடம் செய்கிறார்கள். அது வெறும் மண்பானைதான்; தோலும் இல்லை, தந்தியும் இல்லை. ஆனால் வித்துவான் அதன் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் வாசிக்கும்போது ஒலி மாறுகிறது. ஏன்? பானைக்குள் உள்ள காற்றும் அதிர்கிறது. வாயின் திறப்பு சுருங்கினால் அக்காற்றின் இயல்பு அதிர்வெண் குறைகிறது.

மின்னணுக் கருவியில் இவ்வேலையைக் குமிழ் செய்கிறது. ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1981-இல் டிபி-303 என்ற சிறு கருவியை வெளியிட்டது. அதில் அலையை உண்டாக்கும் சுற்று ஒன்றே ஒன்று. ஓர் எல்லைக்கு மேற்பட்ட அதிர்வெண்களைக் குறைக்கவும், அந்த எல்லையில் உள்ளதை ஓங்கச் செய்யவும் ஒரு வடிகட்டிச் சுற்று உண்டு. குமிழைத் திருப்பினால் மின்னழுத்தம் இடைவெளியின்றி மாறும். ஒலி மங்கும் அல்லது கூர்மையாகும். இதுவே அனலாக் முறை.

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் இக்கருவியையும், டிஆர்-808 தாளக் கருவியையும், ஜுபிடர்-8 சின்தசைசரையும் கொண்டு பத்து இந்துஸ்தானி ராகங்களை நடனத் தாளத்தில் இசைத்து, 1982-இல் இசைத்தட்டாக வெளியிட்டார். அவற்றுள் பூபாளி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். இரண்டிலும் ஐந்தே சுரங்கள்! அன்று இசைத்தட்டு அதிகம் விலைபோகவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது பிறநாட்டு ரசிகர்கள் வியந்தனர். சிகாகோவின் ஃபியூச்சர் குழு இதே டிபி-303-ஐக் கொண்டு 1987-இல் வெளியிட்ட 'ஆசிட்' இசையின் சாயல், ஐந்து ஆண்டுகள் முன்பே இதில் இருந்தது!

சிகாகோவிலும் மும்பையிலும் கருவி ஒன்றே. எந்தச் சுரம், எத்தனை முறை, குமிழை எப்போது திருப்புவது என்பதையெல்லாம் முடிவு செய்தது மனிதரின் செவி. பொருள் குறையக் குறைய அந்தச் செவிக்கு வேலை கூடுகிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். 555 ஐசி, 9 வோல்ட் மின்கலம், 1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு, 100 கிலோ ஓம் மாறும் மின்தடை, 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, சிறு ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கொண்டு, இயற்பியல் ஆசிரியரின் துணையோடு அலையியற்றிச் சுற்றை அமையுங்கள். மாறும் மின்தடையின் குமிழ் ஒரு கோடியில் நிற்கும்போது ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கும். திருப்பத் திருப்பச் சுருதி ஏறும். அந்த மின்தேக்கிக்குப் பதிலாக 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைப் பொருத்தினால் அதிர்வெண் நூறில் ஒரு பங்காகும். சுருதி போய், 'டொக்... டொக்...' என்று தாளம் பிறக்கும்!

அந்தத் தாளத்தை நடனமாக்குவது 555 அல்ல. அது உங்கள் பொறுப்பு.