அகுஸ்தினார் வேலையை விட்ட கதை

புனிதர் என்றாலே பிறந்ததிலிருந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணினவர் என்று நமக்கு ஒரு நினைப்பு. ஆதித் திருச்சபையின் இறையியல் மேதைகளில் முக்கியமானவரான அகுஸ்தினார், 30 வயசு தாண்டும் வரை சம்பளம், ப்ரமோஷன், நல்ல இடத்துச் சம்பந்தம் என்று நம்மைப் போலவே அலைந்த ஆசாமி. எனக்கென்னவோ அதனாலேயே அவரைப் பிடிக்கும்.

கி.பி. 354-ல், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே என்ற சின்ன ஊரில் பிறந்தவர். தொழில், பேச்சுக்கலை வாத்தியார். கார்த்தேஜில் பையன்களின் ரகளை தாங்காமல் 383-ல் ரோமுக்குப் போனார். அங்கே பையன்கள் பரம சாது. ஃபீஸ் கட்டும் நாள் வந்தால் மட்டும் கூட்டமாக வேறு வாத்தியாரிடம் ஓடிவிடுவார்கள்!

அடுத்த வருஷம் மிலானில் அரசாங்க உத்தியோகம். பயணச் செலவுகூட சர்க்கார் கணக்கு. சக்கரவர்த்தியை மேடையில் புகழ்வதும் டியூட்டியில் சேர்த்தி. பேசுவது பொய். கேட்பவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் கை தட்டுவார்கள். (மேனேஜரின் பிரிவுபசார விழா ஞாபகம் வருகிறதா?)

அப்படி ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு, மண்டை கொதிக்கத் தெருவில் நடக்கும்போது ஒரு பிச்சைக்காரனைப் பார்க்கிறார். நாலு காசுக்குக் குடித்துவிட்டு ஜாலியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். இத்தனை பாடுபட்டும் நமக்குக் கிடைக்காத நிம்மதி இவனுக்கு நாலு காசில் கிடைத்துவிட்டதே என்று சுருக்கென்கிறது. அவன் போதை ராத்திரி தூங்கினால் தெளிந்துவிடும். இவருடைய பதவிப் போதை, தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்திருக்கிறது.

அந்தப் போதைக்கு விலை கொடுத்தது இன்னொருத்தர். மேலே போக வசதியான இடத்துச் சம்பந்தம் வேண்டுமே! அம்மா மோனிக்கா முன்னால் நின்று பேசி முடித்தார். பெண்ணுக்குச் சட்டப்படி கல்யாண வயசு வர இன்னும் ரெண்டு வருஷம். ஆனால், பத்து வருஷத்துக்கு மேல் இவரோடு குடும்பம் நடத்தி, ஒரு பிள்ளையும் பெற்ற பெண் ஒருத்தி வீட்டில் இருக்கிறாளே? இடைஞ்சல் என்று அவளை ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிவிட்டார்கள். இனி வேறொரு ஆணைத் தேடமாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு, பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். இவரோ ரெண்டு வருஷம் பொறுக்கமுடியாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்.

386-ல் மனசு மாறியது. கல்யாணம் வேண்டாம், உத்தியோகமும் வேண்டாம். ஆனால் மறுநாளே ராஜினாமாவை மேஜையில் வீசவில்லை. திராட்சை அறுவடை லீவுக்கு இருபது நாள்போல இருந்தது. விளம்பரம் ஆகிவிடக்கூடாதென்று அதுவரை பாடம் நடத்திவிட்டு, நெஞ்சு வலியையும் ஒரு காரணமாகச் சொல்லி விலகினார். 387-ல் ஞானஸ்நானம். பிறகு ஹிப்போ நகரத்தின் பிஷப்.

பிஷப் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இதையெல்லாம் 'கன்ஃபெஷன்ஸ்' என்ற நூலில், மறைக்காமல் எழுதினார். மொத்தம் 13 பாகம். பதினாறு வயசில் பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதைக்கூடப் பக்கம் பக்கமாக அலசுகிறார். பிள்ளையின் பெயர் அதியோதாத்துஸ் என்றும் சொல்கிறார்.

ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. அவளைப் பிரிந்ததில் மனசு ரணமானது என்று எழுதத் தெரிந்தவருக்குப் பெயரை எழுதக் கை வரவில்லை.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். தொகை இருக்கிறது, யார் பெயரில் எழுதுவது என்று தெரியவில்லையென்றால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். வருஷ முடிவுக்குள் நேர் செய்துவிட வேண்டும் என்பது விதி. அகுஸ்தினார் கணக்கில் அந்த ஒரு என்ட்ரி 1,600 வருஷமாக அப்படியே நிற்கிறது.

நம்ம ப்ரமோஷனுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் சார்.